பாட் கான்ராய் மறைவும் அவருடைய வாசகர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்து நாவலாசிரியர் பாட் கான்ராய் 2016 மார்ச் மாதம் காலமானார். அவருடைய நாவலைப் புதிதாகக் கையில் எடுத்தவர்கள், படத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஓர் எழுத்தாளருக்காக இத்தனை பேர் துக்கம் கொண்டாடியதைக் கண்டு வியந்தவர்கள் என்று பலரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டு வருகிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் விடை எழுதியிருக்கிறேன்.

யார் இந்தப் பாட் கான்ராய்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1945 அக்டோபர் 26 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் பிறந்தவர். தந்தை டொனால்ட் கான்ராய் சிகாகோவைச் சேர்ந்த ஐரிஷ் கத்தோலிக்கர், மரைன் படையில் போர்விமானி. தாய் பெகி அலபாமாவைச் சேர்ந்தவர். ஏழு பிள்ளைகளில் இவரே மூத்தவர். தந்தைக்கு மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் குடும்பம் மூட்டை கட்டியதால், தென் கரோலினாவின் கடலோரச் சிற்றூரான பியூஃபோர்ட்டில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும்வரை அவருக்குச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருக்கவில்லை.

சார்ல்ஸ்டன் நகரில் உள்ள சிட்டாடல் ராணுவக் கல்லூரியில் 1967ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பிறகு ஆசிரியரானார், வேலையை இழந்தார், எழுத்தாளரானார். 'தி வாட்டர் இஸ் வைட்' (1972), 'தி கிரேட் சாண்டினி' (1976), 'தி லார்ட்ஸ் ஆஃப் டிசிப்ளின்' (1980), 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' (1986), 'பீச் மியூசிக்' (1995), 'சவுத் ஆஃப் பிராட்' (2009) ஆகியவை அவருடைய பெயரை நிலைநிறுத்திய நூல்கள். இவற்றில் முதலாவது தன்வரலாறு, மற்றவை நாவல்கள்.

'தெற்கத்திய எழுத்தாளர்' என்கிறார்களே, அமெரிக்காவில் எது தெற்கு?

அடிமை முறையைக் காப்பாற்றுவதற்காக 1860களில் ஒன்றியத்திலிருந்து பிரிந்து போரிட்டுத் தோற்ற மாநிலங்களையே பொதுவாகத் தெற்கு என்கிறார்கள். அந்தப் பிரிவினையை முதலில் அறிவித்த மாநிலம் தென் கரோலினா. தோற்ற போரின் நினைவு, நிறவெறியின் கறை, தேவாலயம், குடும்பப் பெருமை, வீட்டுத் திண்ணையில் கதை சொல்லும் வழக்கம் ஆகியவை அந்தப் பகுதியின் இலக்கியத்தில் விடாமல் தொடர்ந்து வருகின்றன.

கான்ராயின் தெற்கு இன்னும் குறுகியது. சார்ல்ஸ்டனுக்கும் ஜார்ஜியாவின் சவானாவுக்கும் இடைப்பட்ட தாழ்நிலக் கடலோரம்தான் அவருடைய மண். அங்கே ஏற்றத்தின்போது கடல்நீர் புல்வெளிகளுக்குள் ஏறி நிரம்பும். வற்றத்தின்போது சிப்பிப் படுகைகளும் கருஞ்சேறும் வெளியே தெரியும். இறால் படகுகள் உப்பங்கழிகள் வழியே கடலுக்குச் செல்லும். 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' நாவலின் கதைசொல்லியான டாம் விங்கோ ஓர் இறால் மீனவரின் மகன். அந்தச் சேற்றின் மணம் தெரியாதவர்களுக்குத் தன்னுடைய பிள்ளைப்பருவத்தை எப்படி விளக்குவது என்ற தவிப்பு அந்த நாவலின் தொடக்கப் பக்கங்களிலேயே இருக்கிறது.

அவர் எப்படி இறந்தார்?

கணையப் புற்றுநோயால். தமக்கு அந்த நோய் வந்திருப்பதை 2016 பிப்ரவரி நடுவில் அவரே முகநூலில் வாசகர்களுக்கு அறிவித்தார். வாசகர்களுக்கு ஒரு நாவல் பாக்கி இருக்கிறது, அதைக் கொடுத்துவிட எண்ணியிருக்கிறேன் என்றும் அதில் எழுதியிருந்தார். மூன்று வாரம் முடிவதற்குள், மார்ச் 4 அன்று, பியூஃபோர்ட்டில் தம் வீட்டிலேயே உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 70. முந்தைய அக்டோபரில்தான் அதே ஊரில் அவருடைய எழுபதாவது பிறந்தநாளை ஓர் இலக்கிய விழாவாகக் கொண்டாடியிருந்தார்கள்.

எழுத்தாளர் ஒருவர் போனதற்கு வாசகர்கள் ஏன் வீட்டு மனிதர் போனதுபோல் அழுதார்கள்? கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியவில்லையா?

அதிகப்படி இல்லை என்பதே என் கருத்து. ராணுவக் குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, நாட்டுக்கு வீரனாகவும் வீட்டுக்குக் கொடியவனாகவும் இருக்கும் தந்தையைப் பற்றி வாய்திறக்க 1976க்கு முன்பு வழியே இருக்கவில்லை. சீருடைக்கு அவமானம், குடும்பத்துக்கு அவமானம் என்ற பயம் அவர்களைத் தடுத்தது. 'தி கிரேட் சாண்டினி'யில் ஒரு காட்சி வருகிறது. வீட்டு முற்றத்தில் நடக்கும் கூடைப்பந்து ஆட்டத்தில் மகன் பென் முதன்முறையாகத் தந்தையை வெல்கிறான். அந்தத் தோல்வியைத் தாங்க முடியாத தந்தை, வீட்டுக்குள் செல்லும் மகனின் தலையில் பந்தை மீண்டும் மீண்டும் எறிந்து, அவன் அழ வேண்டும் என்று சீண்டிக்கொண்டே பின்தொடர்கிறார். தம் வீட்டில் நடந்தது உலகில் வேறெங்கும் நடக்காத ஒன்று என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்தபோது தங்களையே அடையாளம் கண்டார்கள். 1991இல் ராணுவக் குடும்பப் பிள்ளைகளைப் பற்றி வெளிவந்த முக்கியமான நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதித் தரும்படி கான்ராயை அணுகியதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் அவர் பழகிய விதம். புத்தகத்தில் கையொப்பம் வாங்க வந்தவர்களை அவர் வரிசையாக அனுப்பிவைத்ததில்லை. பெயர் கேட்டார், ஊர் கேட்டார், அவர்கள் சொன்ன கதையைக் கேட்டார். அதனால் கூட்டம் பல மணி நேரம் நீண்டது. அந்த மேசையில்தான் பலரும் தம் தந்தையைப் பற்றி முதன்முதலாகப் பிறரிடம் பேசினார்கள். கடைசி ஆண்டுகளில் இணையத்தில் வாசகர்களுக்கு நீண்ட கடிதங்களும் எழுதினார். தென் கரோலினாப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 'ஸ்டோரி ரிவர் புக்ஸ்' என்ற புனைவு வரிசைக்குப் பொறுப்பேற்று, பெயர் தெரியாத எழுத்தாளர்களை முன்னிறுத்தினார். வாசகர்கள் இழந்தது ஒரு பெயரை அல்ல, தங்கள் கதையைக் கேட்ட ஒருவரை.

சாண்டினி என்பது உண்மையில் அவருடைய அப்பாதானா?

ஆம். நாவலில் அவர் புல் மீச்சம் என்ற மரைன் விமானி. 'மகா சாண்டினி' என்பது அந்தப் பாத்திரம் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் பட்டம். டொனால்ட் கான்ராயும் தம்மை அப்படியே அழைத்துக்கொண்டவர். நாவலின் முடிவில் புல் மீச்சம் விமான விபத்தில் இறக்கிறார். உண்மையான தந்தையோ ஓய்வு பெற்று, நாவல் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்து, 1998இல்தான் மறைந்தார்.

உண்மையில் வீட்டில் நடந்தது இன்னும் மோசம் என்றும், அப்படியே எழுதினால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் தந்தையைச் சற்று மென்மையாக்கி எழுத வேண்டியிருந்தது என்றும் கான்ராய் பல முறை கூறியிருக்கிறார். மென்மையாக்காத கதையை 2013இல் வெளிவந்த 'தி டெத் ஆஃப் சாண்டினி' என்ற நினைவுநூலில் எழுதினார்.

அதைப் படித்துவிட்டு அப்பா சும்மா இருந்தாரா?

இருக்கவில்லை, கொதித்தார். உறவினர்கள் சிலர், புத்தகத்தை வாங்காதீர்கள் என்று கையொப்ப நிகழ்ச்சிகளில் துண்டறிக்கை கொடுத்தார்கள் என்று கான்ராய் சொல்லியிருக்கிறார். தாய் பெகி கணவரிடமிருந்து மணவிலக்குக் கோரியபோது இந்த நாவலையே சான்றாக நீதிமன்றத்தில் கொடுத்தார் என்ற செய்தியும் குடும்பக் கதையின் ஒரு பகுதியாகிவிட்டது.

பிறகு நடந்ததை எந்த நாவலாசிரியரும் துணிந்து எழுதியிருக்க மாட்டார். 1979இல் வந்த படத்தில் ராபர்ட் டுவால் தந்தையாக நடித்து ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றதும், டொனால்ட் கான்ராய் அந்தப் புகழைத் தமதாக்கிக்கொண்டார். காரின் எண் பலகையில் சாண்டினி என்று போட்டுக்கொண்டார். மகனின் நிகழ்ச்சிகளுக்குச் சென்று பக்கத்தில் அமர்ந்து தாமும் கையொப்பமிட்டார். மகனின் இந்தக் கற்பனைப் படைப்பு உங்களுக்குப் பிடிக்கும் என்று எழுதி, 'கற்பனை' என்ற சொல்லின் அடியில் பல முறை கோடு கிழிப்பாராம். புத்தகத்தில் இருந்த மனிதர் தாம் அல்ல என்று நிரூபிக்கும் முயற்சியில் அவர் உண்மையாகவே மாறினார் என்பது மகனின் கணிப்பு. தந்தையின் இறுதிச் சடங்கில் இரங்கலுரை நிகழ்த்தியவரும் இதே மகன்தான்.

படித்த கல்லூரியே அவரை ஒதுக்கிவைத்ததாமே? அப்படியிருக்க, அந்தக் கல்லூரிக்காரர்கள் எப்படி இறுதிச் சடங்குக்கு வந்தார்கள்?

'தி லார்ட்ஸ் ஆஃப் டிசிப்ளின்' நாவலில் வரும் ராணுவக் கல்லூரிக்கு வேறு பெயர் இருந்தாலும், அது சிட்டாடல்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. முதலாண்டு மாணவர்கள் மீது நடத்தப்படும் கொடுமை, கல்லூரியின் முதல் கறுப்பின மாணவனை விரட்ட இயங்கும் இரகசியக் குழு ஆகியவை அதன் கதை. சிட்டாடலில் முதல் கறுப்பின மாணவர் 1966இல், கான்ராய் இறுதியாண்டில் இருந்தபோது, சேர்ந்தார் என்பதை நினைவில் கொண்டால் முன்னாள் மாணவர்களின் சினம் புரியும். நாவல் படமானபோது படப்பிடிப்புக்குக் கல்லூரி இடம் தராததால், அதை இங்கிலாந்தில் எடுத்தார்கள். 1995இல் ஷானன் ஃபாக்னர் அங்கே சேர்ந்த முதல் பெண்ணாகி ஒரு வாரத்துக்குள் வெளியேறியபோது, கான்ராய் அவர் பக்கம் நின்று பிறகு அவருடைய படிப்புச் செலவையும் ஏற்றுக்கொண்டது எரியும் தீயில் எண்ணெய் ஆயிற்று.

சுமார் இருபது ஆண்டுப் பகை 2000ஆம் ஆண்டு முடிந்தது. கல்லூரி அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. மறு ஆண்டு பட்டமளிப்பு விழாவில் உரையாற்றவும் அழைத்தது. அந்த உரையில் 2001ஆம் ஆண்டு மாணவர்கள் அனைவரையும் அவர் தம் இறுதிச் சடங்குக்கு அழைத்தார். வாசலில் நிற்பவரிடம் 'நான் மோதிரம் அணிந்தவன்' என்று சொன்னால் போதும், அதுவே உங்கள் அனுமதிச் சீட்டு என்றார். சிட்டாடலில் படித்து முடித்தவர்கள் அணியும் கல்லூரி மோதிரத்தைப் பற்றிய அந்த வரி, அவர்களைச் சினங்கொள்ள வைத்த அதே நாவலின் முதல் வரி. 2016 மார்ச் 8 அன்று பியூஃபோர்ட்டின் புனித பேதுரு ஆலயத்துக்கு, முப்பதுகளின் நடுவிலிருந்த அந்த அணியினர் பலர் மோதிரத்தோடு வந்து சேர்ந்தார்கள். மேடைப் பேச்சில் விடுத்த அழைப்பைப் பதினைந்து ஆண்டு நினைவில் வைத்திருந்தார்கள் என்றால், முன்னே கேட்ட 'அதிகப்படியா' என்ற கேள்விக்கு அது இன்னொரு விடை.

வாத்தியார் வேலையிலிருந்து ஏன் நீக்கினார்கள்?

1969இல் டஃபஸ்கி என்ற தீவுப் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது, படகில்தான் போக வேண்டும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்த, தங்களுக்கென ஒரு மொழியும் பண்பாடும் உடைய குல்லா மக்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். தங்கள் தீவின் கரையைத் தொடும் கடலுக்கு அட்லாண்டிக் என்று பெயர் என்பதுகூட அவர்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை. கான்ராய் பாடநூலை மூடி வைத்துவிட்டு இசை கேட்க வைத்தார், படம் காட்டினார், பிள்ளைகளை நிலப்பகுதிக்கு அழைத்துச் சென்றார். பிரம்பை எடுக்க மறுத்தார், மேலதிகாரிகளோடு மோதினார். ஓராண்டுக்குப் பின் வேலை போயிற்று. அந்த ஓராண்டுதான் 'தி வாட்டர் இஸ் வைட்'. 1974இல் ஜான் வாய்ட் நடித்து அது 'கான்ராக்' என்ற படமாகவும் வந்தது.

படங்களைப் பார்த்தால் போதாதா? புத்தகங்கள் தலையணை அளவு இருக்கின்றனவே.

'தி கிரேட் சாண்டினி' படம் போதும் என்று சொல்பவரோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். பார்பரா ஸ்ட்ரைசாண்ட் இயக்கி நடித்து 1991இல் வந்த 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்ற படம்தான். திரைக்கதையிலும் கான்ராய்க்குப் பங்கு உண்டு. ஆனால் அதில் நியூயார்க் மனநல மருத்துவரோடு ஏற்படும் காதல் முன்னுக்கு வந்து, கடலோரப் பிள்ளைப்பருவம் பின்னுக்குப் போய்விட்டது. புத்தகத்தில் கனம் முழுவதும் அந்தப் பிள்ளைப்பருவத்தில் இருக்கிறது.

கையால்தான் எழுதினாராமே?

ஆம், மஞ்சள் நிறக் கோடுபோட்ட தாள்களில். பள்ளியில் தட்டச்சு கற்கத் தந்தை அனுமதிக்கவில்லை என்று காரணம் சொல்வார். அந்தக் கையெழுத்துப் படிகளைத் தென் கரோலினாப் பல்கலைக்கழக நூலகம் 2014இல் வாங்கிப் பாதுகாக்கிறது.

நடை மிகையாக இருக்கிறது, சோகத்தை அள்ளிக் கொட்டுகிறார் என்று விமர்சகர்கள் சொல்வது சரிதானே?

பாதி சரி. ஒரு பெயர்ச்சொல்லுக்கு மூன்று அடைமொழி என்ற கணக்கில் எழுதும் இடங்கள் அவரிடம் உண்டு. 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' நாவலில் வன்புணர்வு, புலி, தற்கொலை முயற்சி, அரசு கையகப்படுத்தியதால் அழியும் ஓர் ஊர் எல்லாம் ஒரே குடும்பத்தின் தலையில் விழுகின்றன. 'பீச் மியூசிக்' நூறு பக்கம் குறைந்திருந்தால் எதையும் இழந்திருக்காது.

ஆனால் இந்த மிகை எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பள்ளியில் அவரை எழுத்தின் பக்கம் திருப்பிய ஆங்கில ஆசிரியர் ஜீன் நாரிஸ் அவருக்குக் கொடுத்தது தாமஸ் வுல்ஃபின் நாவலை. அடக்கம் என்பதே அறியாத தெற்கத்திய நடை அது. வீட்டில் வாய் திறந்தால் அடி விழும் என்று வளர்ந்த ஒருவர் கடைசியில் பேசத் தொடங்கியபோது அளந்து பேசவில்லை. அதுவே சிக்கனமான நடையை விரும்புவோருக்குச் சலிப்பூட்டுவதும், மேலே சொன்ன வாசகர்களை ஈர்ப்பதும். நகைச்சுவையையும் மறக்கக் கூடாது: அந்தக் குடும்பங்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவரையொருவர் குத்திப் பேசும் பேச்சு, சோகக் காட்சிகளைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

வீட்டு விஷயத்தை வீதிக்குக் கொண்டுவந்து காசாக்கியவர்தானே? அவர் தங்கை பேசாமல் போனது அதனால்தான் என்கிறார்களே.

இது கடினமான கேள்வி, இதற்குச் சமாதானமான விடை இல்லை. தந்தை மாறினார், அவரோடு உறவு சீரானது. அது எளிதில் சொல்லக்கூடிய பகுதி. கவிஞரான தங்கையின் மனத்துயரம் 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' நாவலின் சவானா விங்கோ என்ற கவிஞர் பாத்திரமாயிற்று. இருவருக்கும் இடையே பிளவு நெடுநாள் நீடித்தது. கடைசித் தம்பி 1994இல் தற்கொலை செய்துகொண்டார். மறு ஆண்டு வந்த 'பீச் மியூசிக்' ஒரு தற்கொலையோடுதான் தொடங்குகிறது. இரண்டாம் மண முறிவுக்குப் பின் ஒரு மகளும் அவரை விட்டு விலகினார்.

அடி வாங்கிய பிள்ளைக்குத் தன் கதையைச் சொல்லும் உரிமை உண்டு என்பதில் எனக்கு ஐயம் இல்லை. அதே வீட்டில் அடி வாங்கிய தங்கையின் கதையையும் சேர்த்துச் சொல்லும் உரிமை உண்டா என்பதில் ஐயம் உண்டு. கான்ராயும் இதை அறியாதவர் அல்லர். 'தி டெத் ஆஃப் சாண்டினி'யில் தங்கையைப் பற்றிய பக்கங்களில் அந்த உறுத்தல் தெரிகிறது. அவரை நேசிக்கும் வாசகர்கள், அந்தப் புத்தகங்களால் தங்களுக்குக் கிடைத்த ஆறுதலுக்கு வேறொருவர் விலை கொடுத்திருக்கிறார் என்பதை நினைவுக் கூட்டங்களில் சொல்லத் தயங்குகிறார்கள். சொல்லலாம் என்றே நினைக்கிறேன்.

கறுப்பினப் பிள்ளைகளை ஒரு வெள்ளைக்கார வாத்தியார் வந்து 'காப்பாற்றிய' கதை இன்று உறுத்தாதா?

உறுத்தும், உறுத்தவும் வேண்டும். டஃபஸ்கியில் நடந்ததை மேலே சொன்னேன். அந்தப் புத்தகத்தில் தீவின் பெயரும் மனிதர்களின் பெயர்களும் மாற்றப்பட்டிருக்கின்றன, ஆனால் பார்வை முழுக்க அவருடையது. கண்டிப்பான கறுப்பினப் பெண் ஆசிரியரை அவர் கேலிக்குரியவராக வரைகிறார். வெள்ளையர் நிர்வாகத்தின் கீழ் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்தப் பெண்மணிக்கு இருந்த வழிகள் எத்தனை என்று இருபத்து நான்கு வயது இளைஞர் யோசிக்கவில்லை. அவருக்கு வேலை போனால் புத்தகம் எழுதலாம். அந்த அம்மையாருக்கு அப்படி இல்லை.

அவருக்குச் சாதகமாகச் சொல்ல இரண்டு உண்டு. தாமும் இளமையில் நிறவெறியில் ஊறியிருந்ததை அந்தப் புத்தகத்திலேயே ஒப்புக்கொள்கிறார். தம் வீர சாகச ஆசையைத் தாமே கிண்டலும் செய்கிறார். அடுத்து, அந்தப் பிள்ளைகளுக்குக் கல்வி மறுத்தது யார் என்பதில் அவர் மழுப்பவில்லை. மாவட்டக் கல்வி நிர்வாகத்தை நேராகக் குற்றம் சாட்டுகிறார்.

அவருடைய நாவல்களைப் பள்ளியில் தடை செய்தார்களா?

2007இல் மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பள்ளியில், 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்', 'பீச் மியூசிக்' இரண்டையும் வன்முறைக் காட்சிகளுக்காகச் சில பெற்றோர் எதிர்க்க, வகுப்பில் அவை நிறுத்திவைக்கப்பட்டன. மாணவி ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கான்ராய் அங்குள்ள நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். புத்தகத் தடைக்காரர்களை முட்டாள்கள் என்றே திட்டிய அந்தக் கடிதத்தைப் புத்தகத் தடை பற்றிய விவாதங்களில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

கல்லறையைப் போய்ப் பார்க்க முடியுமா?

முடியும். பியூஃபோர்ட்டை அடுத்த செயிண்ட் ஹெலினா தீவில், செயிண்ட் ஹெலினா மெமோரியல் கார்டன்ஸ் என்ற இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். விடுதலை பெற்ற அடிமைகளுக்காக 1862இல் தொடங்கப்பட்ட பள்ளியின் வளாகமான பென் சென்டர் அருகில் இருக்கிறது. தந்தை டொனால்ட் கான்ராய் பியூஃபோர்ட் தேசிய இடுகாட்டில், படைவீரர்களின் வரிசையில் இருக்கிறார். மகனின் கல்லறைக்கு வரும் வாசகர்கள் பேனாக்களை வைத்துவிட்டுச் செல்வதுண்டு.

ஊருக்குள் பாட் கான்ராய் இலக்கிய மையமும் உண்டு. அவர் மறைந்த அதே ஆண்டு தொடங்கப்பட்டது. எழுத்துப் பட்டறைகளும் வாசிப்பு நிகழ்ச்சிகளும் அங்கே நடக்கின்றன. அவர் மனைவி கசாண்ட்ரா கிங்கும் நாவலாசிரியர். தம் மணவாழ்வைப் பற்றி 2019இல் ஒரு நினைவுநூல் வெளியிட்டார்.

சரி, எதில் தொடங்குவது?

பெரும்பாலானோர் 'தி பிரின்ஸ் ஆஃப் டைட்ஸ்' என்பார்கள். நான் அப்படிச் சொல்வதில்லை. நூற்றைம்பது பக்கத்தில் களைத்துப்போய் மூடி வைத்தவர்கள் பலரைத் தெரியும். 'தி வாட்டர் இஸ் வைட்' சிறியது, வேகமானது, மேலே சொன்ன குறைகளோடும் படிக்கத் தக்கது, அங்கே தொடங்குங்கள். அடுத்து 'தி கிரேட் சாண்டினி'. அதன் பிறகு, 1966–67இல் தோல்விமேல் தோல்வி கண்ட தம் கல்லூரிக் கூடைப்பந்து அணியைப் பற்றி அவர் எழுதிய 'மை லூசிங் சீசன்' (2002). விளையாட்டில் ஆர்வம் இல்லாதவர்களும் அதைப் படிக்கலாம். அவருடைய நடை அளவோடு நின்ற புத்தகம் அதுதான். 'தி டெத் ஆஃப் சாண்டினி'யை மட்டும் 'தி கிரேட் சாண்டினி'க்கு முன்னால் எடுக்க வேண்டாம். நாவலில் எதை மாற்றினார், எதை விட்டார் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புப் போய்விடும்.